நாணல் பக்கத்துக் கூடை

எங்கள் அத்தானை அருங்காட்சியகத்தில் எல்லோரும் குளத்துக்காரர் என்றுதான் சொல்வார்கள். கேட்பதற்கு ஏதோ பெரிய ஜமீன்தார் மாதிரி இருக்கும். உண்மையில் அவருக்கென்று இருந்தது ஒரு சைக்கிளும், முழங்கால்வரை வருகிற ரப்பர் பூட்ஸும்தான். பூட்ஸும் ஆபீஸ் கொடுத்தது. அவர் என் அக்காவின் வீட்டுக்காரர். நான் அதே அருங்காட்சியகத்தின் முன்வாசலில் டிக்கெட் கொடுக்கிற ஜன்னலில் உட்கார்ந்திருப்பவள். எனக்கு ஐம்பது தாண்டித் தலை நரைத்த பிறகும் அவருக்கு நான் 'சின்னு'தான்.

எங்களுடையது இயற்கை அருங்காட்சியகம். உள்ளே எலும்புக்கூடுகள், வண்ணத்துப்பூச்சிகள், பாடம் செய்து நிறுத்திய விலங்குகள். பின்பக்கம் போனால் மரங்கள், அதற்கப்பால் குளம். குளிர்காலத்தில் தூர தேசத்துப் பறவைகள் வந்து இறங்குகிற குளம் அது. வெயில் காலம் தணிகிற சமயத்தில் அத்தான் மதகைத் திறந்து, ஒரு கரையில் மட்டும் சேறு தெரிகிற மாதிரி தண்ணீரை இறக்குவார். அந்தச் சேறு, அதைக் கிளறி மேய்கிற சின்ன உள்ளான் பறவைகளுக்கு. எதிர்க்கரையில் ஆழம் குறையக் கூடாது, அது வாத்துகளுக்கு. நாணலை மொத்தமாக வெட்டிவிடாமல் பாதி விட்டுப் பாதி வெட்டுவார். நாயை விரட்டுவார். பிஸ்கட் எறிகிற குழந்தைகளைத் திட்டத் தெரியாமல், அந்தப் பிஸ்கட்டைத் தானே வாங்கித் தின்றுவிடுவார். அப்படி ஒரு மனிதர்.

அக்காவும் அங்கே வேலை பார்த்தவள்தான். பறவைக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிகளைத் திறந்து, பாடம் செய்த பறவைகளைத் தூசி தட்டுவாள். கேட்டால் லேசாகத்தான் இருக்கும். இறகு போகிற போக்கிலேயே தூரிகையை ஓட்டவேண்டும், எதிரே ஓட்டினால் கையோடு வந்துவிடும். அத்தான் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கூடத்துக்குள் வந்து நின்றுகொண்டு, "இந்த ஊசிவால் வாத்து இப்படியெல்லாம் நிக்காது" என்று குறை சொல்வாராம். "உங்க வாத்து ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. என் வாத்தைப் பாருங்க, வச்ச இடத்துல நிக்குது. யாரோடது நல்ல வாத்து?" என்று அக்கா கேட்பாளாம். வாத்தைச் சாக்காக வைத்துச் சண்டை போட்டே இரண்டு பேரும் ஜோடி சேர்ந்தார்கள். குழந்தை பிறக்கவில்லை. அதைப் பற்றி அவர்கள் பேசி நான் கேட்டதும் இல்லை.

பிறகு அக்காவுக்கு வாதம் வந்தது. தூரிகையைக் கையில் பிடித்தபடியே பெட்டிக்கு முன்னால் சரிந்தாளாம். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சு பாதிக்கு மேல் போய்விட்டது. என்ன வாய் அவளுக்கு! எங்கள் வீட்டில் வாயில்லாதவள் என்று யாரும் கிடையாது, அதில் அவள் மூத்தவள். அவளே இப்போது ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடி எடுத்துக் கீழே போட்டாள்.

குளக்கரையிலேயே அவர்களுக்கு ஒரு சின்ன ஊழியர் வீடு. அத்தான் கட்டிலை இழுத்து, குளத்தைப் பார்த்த ஜன்னலோடு ஒட்டிப் போட்டார். அந்த ஜன்னல்தான் அவளைப் பிடித்து வைத்திருந்தது என்பது எங்களுக்குப் புரிய ஒரு வருடம் ஆனது. வெயில் காலத்தில் குளத்தில் ஒன்றும் இருக்காது. அப்போது அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். ஊட்டப் போனால் பல்லைக் கடித்துக்கொள்வாள். நானும் மத்தியானம் டிக்கெட் ஜன்னலை மூடிவிட்டு ஓடிப்போய், கெஞ்சி, திட்டி, அழுது பார்ப்பேன். அவள் காது அந்தப் பக்கம், மனசு எந்தப் பக்கமோ. எலும்பும் தோலுமாக ஆகிவிடுவாள். ஒரு வெயில் காலத்தில் டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, "இன்னொரு வருஷம் இப்படிப் பட்டினி கிடந்தா உடம்பு தாங்காதும்மா" என்று சொல்லிவிட்டார்.

ஆனால் முதல் வாத்துக் கூட்டம் வந்து இறங்கிவிட்டால் போதும். சத்தம் கேட்டே இந்தப் பக்கம் திரும்பிவிடுவாள். அத்தான் அவளைச் சாய்த்து உட்காரவைத்து ஊட்டுவார். ஊசிவால் ஒன்று தலைகீழாகக் கவிழ்ந்து மேயும்போது அவள் வாய் தானாகத் திறக்கும், இவர் கவளத்தை உள்ளே தள்ளிவிடுவார். குளிர்காலம் முடிவதற்குள் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருக்கும். அதை வைத்துக்கொண்டு அடுத்த வெயிலைக் கடக்கவேண்டும். அதனால் வாத்து வருவது எங்களுக்கு வேடிக்கை இல்லை. அக்கா இருப்பாளா போவாளா என்பதே அதில்தான் இருந்தது.

அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. குளிர் வரவேண்டிய மாதத்திலும் வெயில் போகாமல் உட்கார்ந்துகொண்டது, வந்த விருந்தாளி பெட்டியைத் தூக்காத மாதிரி. குளத்தில் தண்ணீர் சுண்டிப்போய், கை வைத்தால் வெதுவெதுப்பாக இருந்தது. குளத்துக்கு வருகிற வாய்க்காலும் வறண்டிருந்தது. ஆனால் பறவைகளுக்கு நம் ஊர் மழைக்கணக்கு தெரியுமா? அவை வழக்கத்துக்கும் முன்னாலேயே வந்துவிட்டன. ஊசிவால்கள் வந்தன, அகன்ற அலகுள்ள தட்டைவாயன்கள் வந்தன. தண்ணீர் குறைவு என்பதால் எல்லாம் நெருக்கி அடித்துக்கொண்டு இறங்கின. அத்தான் டிக்கெட் ஜன்னலுக்கே ஓடிவந்து, "சின்னு, வந்தாச்சு! உங்க அக்கா ரெண்டு வாய் கூடுதலா வாங்கிட்டா!" என்றார். கியூவில் நின்றவர்கள் யாருக்கோ குழந்தை பிறந்த செய்தி என்று நினைத்துச் சிரித்தார்கள்.

முதல் வாத்து செத்துக் கிடந்தது அதற்கு அடுத்த வாரம்.

வாத்து சாவது புதிதல்ல. அவ்வளவு தூரம் பறந்து வருவதில் ஒன்றிரண்டு சாகத்தான் செய்யும். அதற்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வளாகத்தில் செத்த எந்தப் பறவையையும் புதைக்கக் கூடாது. அது கூடத்துச் சொத்து. காகிதத்தில் சுற்றி, பாடம் செய்யும் அறையின் ஃப்ரீசரில் வைக்கவேண்டும். பாடம் செய்கிறவர் வந்து பார்த்து, நல்லதை எடுத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடுவார். அவரைப் பஞ்சு என்போம். வாழ்நாள் முழுக்கப் பறவை வயிற்றில் பஞ்சு அடைத்தவருக்கு வேறு என்ன பெயர் வைப்பது? ஊரில் உள்ள மூன்று நான்கு காட்சிக்கூடங்களுக்கும் அவர் ஒருவர்தான். எங்களிடம் வாரத்தில் ஒரு நாள் வருவார். சில வாரம் அதுவும் வரமாட்டார்.

அந்த நேரம் பார்த்து ஃப்ரீசர் படுத்துவிட்டது. அத்தான் பஞ்சுவுக்குப் போன் போட்டார்.

"புதைச்சு கிதைச்சு வச்சுடாதீங்க. ஊசிவால்ல ஆண் நல்லதா ஒண்ணு எனக்கு ரொம்ப நாளா வேணும். நிழலா, குளுமையா, காக்கா எட்டாத இடமாப் பாத்து வைங்க. நான் வந்து எடுத்துக்கறேன்" என்றார் பஞ்சு.

நிழலும் குளுமையும் உள்ள இடம் ஒன்று வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. மண்வெட்டி, கயிறெல்லாம் போட்டுவைக்கிற கொட்டகை. ஆனால் அங்கே போகிற வழி அக்காவின் ஜன்னலுக்கு நேர் முன்னால் போகிறது. கையில் செத்த வாத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு அவள் கண்ணுக்கு முன்னால் போவதா? அத்தானுக்கு மனசு வரவில்லை. இப்போதுதான் வாயைத் திறந்திருக்கிறாள், மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டால்? அதனால் எதிர்ப்பக்கம் நாணலுக்குள் போனார். நாணல் வெட்டுவதற்காக அங்கே தண்ணீருக்கு மேல் ஒரு பலகை போட்டிருப்பார். பலகையை ஒட்டி ஒரு மரக்கம்பம். அதில் கம்பிக்கூடை ஒன்றைத் தொங்கவிட்டு, வாத்தை உள்ளே வைத்து, நனைத்த சாக்கால் மூடினார். காக்கா எட்டாது, வெயில் படாது, ஜன்னலில் இருந்து பார்த்தால் தெரியாது. எல்லா விதத்திலும் நல்ல இடம் என்று நினைத்தார். என்னிடம் கேட்டிருந்தால் நானும் நல்ல இடம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

பஞ்சு அந்த வாரம் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. கூடையில் வாத்து சேர்ந்துகொண்டே போனது.

செத்த விதமும் ஒரு தினுசாக இருந்தது. காயம் இல்லை, ரத்தம் இல்லை. நன்றாக மேய்ந்துகொண்டிருந்த வாத்துக்கு முதலில் கால் ஓயும். கரையில் உட்கார்ந்துவிடும், கிட்டப் போனால் சிறகால் தண்ணீரை அடித்து நகரும், எழும்பாது. அப்புறம் சிறகும் ஓயும். கடைசியில் கழுத்து. பஸ்ஸில் தூங்கி விழுகிறவன் தலை மாதிரி மெல்லத் தொங்கித் தொங்கித் தண்ணீரில் விழும். தலையைத் தூக்க முடியாமல் அது தன் குளத்திலேயே மூழ்கிச் சாகும். அத்தான் கருக்கலிலேயே எழுந்து, அக்கா கண் விழிப்பதற்குள் குளத்தைச் சுற்றி வந்து செத்ததையெல்லாம் பொறுக்கிக் கூடையில் போட்டுவிடுவார். பிறகு வீட்டுக்கு வந்து, கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, ஜன்னல் திரையை விலக்கி, "பாரு, உன் ஆளுங்க எழுந்தாச்சு" என்பார்.

எனக்கு இது தெரிந்தது அவர் முகத்தைப் பார்த்துத்தான். அவருக்குப் பொய் சொல்ல வராது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற திறமையெல்லாம் எங்கள் வீட்டுப் பக்கம்தான். கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப் போய்க் கேட்டேன், கொட்டிவிட்டார்.

"அக்காகிட்ட சொல்லிடுங்க அத்தான். அவளா பாத்தா இன்னும் மோசம்."

"சொல்லி? அவ திரும்பிப் படுத்துக்கிட்டா நீ வந்து திருப்புவியா?"

"ஆபீஸ்லயாவது சொல்லுங்க."

"சொல்லிட்டேன். ஆபீஸ் தலைவரம்மா கால்நடை டாக்டரை வரச் சொல்லியிருக்காங்க." கொஞ்ச நேரம் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முகம் கொஞ்சம் தெளிந்தது. "ஆனா ஒண்ணு சின்னு. மிச்சமெல்லாம் தெம்பாத்தான் இருக்கு. நாணல் பக்கம் போய்ப் பாரு, தட்டைவாயன் அத்தனையும் அங்கதான் கூடி நிக்குது. என்னமா மேயுதுங்கற! பசி எடுத்துட்டா பொழச்சுக்கும். மனுஷனோ வாத்தோ, வாயைத் தொறந்துட்டா பயமில்ல."

அவர் அப்படிச் சொன்னபோது எனக்கும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

கால்நடை டாக்டர் ஒரு இளம்பெண். எங்கள் தலைவரம்மா, அத்தான், நான் மூவரும் கூடப் போனோம். நான் போகவேண்டிய அவசியமே இல்லை; கால் கேட்கவில்லை, போனேன். டாக்டர் கரையில் உட்கார்ந்திருந்த ஒரு வாத்தைத் தூக்கிக் காலை மடக்கிப் பார்த்தாள், கழுத்தை விட்டுப் பார்த்தாள். தண்ணீரில் கை வைத்துப் பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது.

"செத்ததையெல்லாம் என்ன பண்றீங்க?"

"பத்திரமா வச்சிருக்கேன் டாக்டர்" என்றார் அத்தான். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

நாணலுக்குள் கூட்டிப்போனார். பலகை மேல் வரிசையாக நின்றோம். கூடைக்கு நேர் கீழே தண்ணீரில் தட்டைவாயன்கள் நெருக்கியடித்து நின்றன. அத்தானைக் கண்டு ஒன்றுகூட விலகவில்லை. அவர் சாக்கை எடுத்தார். நாற்றம் குப்பென்று அடித்தது, தலைவரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டார். கூடைக்குள் வெள்ளையாகப் புழு நெளிந்தது. கூடை ஆடிய ஆட்டத்தில் கம்பிச் சந்து வழியாகப் பொலபொலவென்று தண்ணீரில் விழுந்தது. கீழே அத்தனை வாத்துகளும் அலகைத் திறந்துகொண்டு பாய்ந்தன.

டாக்டர் "ஐயோ" என்றாள். டாக்டர்கள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

"புழுவுக்கு ஒண்ணும் ஆகாது சார். ஆனா சூட்டுல, செத்த உடம்புல ஒரு விஷம் ஊறும். அதைத் தின்ன புழு வயித்துல அந்த விஷம் அப்படியே இருக்கும். நாலு புழு போதும், ஒரு வாத்து போயிடும். அது செத்தா அதுலயும் புழு வரும். இப்படியே சுத்தும். செத்ததை உடனே எரிச்சிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது."

அத்தான் சாக்கைக் கையில் பிடித்தபடியே நின்றார். "அப்ப நான்தான் ஊட்டினேனா?"

"உங்களுக்குத் தெரியாதுல்ல சார்."

"தெரியுமா தெரியாதான்னு கேக்கல டாக்டர். ஊட்டினது நான்தானே?"

கீழே வாத்துகள் இன்னும் வேண்டும் என்பது போல அவரையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன.

அன்று மத்தியானமே ஆபீஸில் முடிவாகிவிட்டது. மறுநாள் காலையில் இருக்கிற பறவை எல்லாவற்றையும் சத்தம் போட்டுக் குளத்தை விட்டு விரட்டவேண்டும். பிறகு தண்ணீரை இறைத்து, சேற்றை வாரி, காயப் போடவேண்டும். இந்தக் குளிர்காலம் முழுக்க ஒரு பறவைகூட இறங்கக் கூடாது. விரட்டினால் வேறு நல்ல தண்ணீர் தேடிப் பிழைத்துக்கொள்ளும்; விட்டால் ஒன்றும் மிஞ்சாது. தலைவரம்மா நல்ல மனுஷி. "நீங்க நாளைக்கு வீட்டுலயே இருங்க, மத்தவங்க பாத்துக்குவாங்க" என்றார். அத்தான், "என் குளம் மேடம்" என்றார். எனக்குக் கொடுத்த வேலை, வாசலில் 'பராமரிப்புப் பணி' என்று பலகை மாட்டுவது. ஊரே நாறிக் கிடக்கும்போது அதற்கு வைக்கிற பெயரைப் பாருங்கள்.

சாயங்காலம் அவரோடு வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் அவர், திரையை மூடி வைத்துவிடலாம், அவளுக்குச் சளி பிடிக்கும் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றே பேசிக்கொண்டு வந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நாலு பேர் தகரம் அடிப்பாங்க. அவளுக்குக் காது நல்லாத்தான் கேக்குது. என்ன சொல்வீங்க, அடுத்த வீட்டுல கல்யாணம்னா? மறைச்சு மறைச்சுத்தானே இங்க வந்து நிக்கறோம்?"

சொன்ன பிறகுதான் உறைத்தது. ஆனால் அது அவருக்குத் தெரியாத விஷயமா? கொல்லன் தெருவில் ஊசி விற்றாற் போல அவர் துக்கத்தை அவருக்கே எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் உள்ளே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். ஒன்று விடாமல் சொன்னார். முதல் வாத்து, கூடை, புழு, நாளைக்கு விரட்டப்போவது எல்லாம். அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள். பிறகு முகத்தைத் திருப்பினாள்.

"கொட்டகை... இருக்கே. ஏன்... அங்க?"

"கொட்டகைன்னா நீ பாத்துடுவேன்னு..."

அக்காவின் இடது கை எழும்பியது. அடிக்கத்தான் ஓங்கினாள், அவள் பலம் அவ்வளவுதான், கை அவர் கன்னத்தில் பொத்தென்று விழுந்து அங்கேயே கிடந்தது.

"நான்... என்ன வேலை... பாத்தேன்?"

அத்தானுக்குப் புரியவில்லை. என் பக்கம் திரும்பினார். அவள் மறுபடி கேட்டாள், அதே கேள்வி, இன்னும் கஷ்டப்பட்டு.

"தூசி தட்டினே" என்றார்.

"எதை?"

"பறவையை."

"செத்த... பறவையை" என்றாள் அக்கா. வாய் கோணிக்கொண்டு எச்சில் வழிந்தது. அதைத் துடைக்கப்போன அவர் கையைத் தட்டிவிட்டாள். "செத்தது... எனக்குப் புதுசா? என்னைக் கேட்டிருந்தா... அங்க வைக்க... விட்டிருப்பனா?"

விட்டிருக்கமாட்டாள். பறவைக் கூடத்தில் அவ்வளவு வருடம் இருந்தவளுக்குச் செத்த உடம்பை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று தெரியாதா? பூச்சி விழுந்த ஒரு கொக்கை அவள் முற்றத்துக்கு எடுத்துப்போய்த் தன் கையால் எரித்திருக்கிறாள். அது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். கட்டிலில் விழுந்த அன்றோடு அவளை ஒரு குழந்தை என்று முடிவுகட்டிவிட்டோம். அவர் அன்பால் அப்படி முடிவுகட்டினார். அதனால் வாத்து பிழைத்ததா என்ன?

அன்று அவள் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அத்தான் தட்டை மூடி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார். நான் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

மறுநாள் வெளிச்சம் வந்ததும் எல்லோரும் குளத்தைச் சுற்றி நின்றோம். தோட்டக்காரர் கையில் டின், வாட்ச்மேன் கையில் விசில், என் கையில் ஒரு தகரப் பலகை. பஞ்சுகூட வந்திருந்தார், யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் ஒரு வாளியையும் கட்டையையும் பிடித்துக்கொண்டு நின்றார். அத்தான் வீட்டுப்பக்கக் கரையில், ஜன்னலுக்கு நேர் முன்னால் நின்றார்.

அடித்தோம். பறவைகள் பதறிக்கொண்டு எழும்பின, உள்ளான்கள் முதலில் போயின. ஆனால் வாத்துகள் எழும்பிச் சுற்றிவிட்டு மறுபடி இறங்கின. இறங்கிய இடம் அத்தானுக்கு முன்னால். எங்கள் சத்தத்துக்குப் பயந்து, தெரிந்த ஆள் நிற்கிற பக்கம் போய் ஒண்டின. அவர் கையில் டின் இருந்தது. தூக்கிய கட்டையை அவரால் இறக்க முடியவில்லை. "அத்தான், அடிங்க!" என்று நான் இந்தக் கரையிலிருந்து கத்தினேன். அவர் அழுதுகொண்டு நின்றார். கண்ணைத் துடைக்கக்கூடக் கை ஒழியாமல் நின்றார்.

அப்போது அவருக்குப் பின்னால் இருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் தாறுமாறாக, பிறகு விடாமல். அக்கா எழுந்து உட்கார்ந்திருந்தாள். எப்படி உட்கார்ந்தாளோ, யாரும் தூக்கிவிட ஆள் இல்லை. முந்தின நாள் சாப்பிடாமல் மூடிவைத்த தட்டை இடது கையில் பிடித்து ஜன்னல் கம்பியில் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தாள். சோறெல்லாம் கட்டிலில் சிதறிக் கிடந்தது.

"அடிங்க!" என்றாள். வாதம் வந்த பிறகு அவள் தடுமாறாமல் சொன்ன முதல் வார்த்தை அதுதான். "அடிங்கன்னு சொல்றேன்ல!"

அவர் அடித்தார். பைத்தியம் பிடித்தவர் மாதிரி அடித்தார், தண்ணீருக்குள் இறங்கிப் போய் அடித்தார். வாத்துகள் அவரைக் கண்டு பயந்தது அன்றுதான். மொத்தமும் எழும்பியது. போகாமல் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தன, ஒவ்வொரு தடவையும் தாழ இறங்கி இடம் இருக்கிறதா என்று பார்த்தன. ஒவ்வொரு தடவையும் ஜன்னலில் இருந்து தட்டுச் சத்தம் கேட்டது. வெயில் ஏறுகிற நேரத்தில் கடைசிக் கூட்டமும் மரங்களுக்கு மேலே போய்ப் புள்ளியாகி மறைந்தது.

எழும்ப முடியாதவை தண்ணீரில் மிச்சம் கிடந்தன. உயிர் இருந்ததை டாக்டர் தொட்டியில் நல்ல தண்ணீர் விட்டு எடுத்துப்போனாள்; பிழைத்தது கொஞ்சம்தான். செத்ததை அத்தான் ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து ஜன்னலுக்கு முன்னாலேயே கரையில் கிடத்தினார். அழகான ஆண் ஊசிவால்கள் இருந்தன. பஞ்சு அவற்றைப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணுகூட வேண்டாம்" என்று சொல்லி வாளியைக் கீழே வைத்தார். அங்கேயே எரித்தோம். அக்கா கம்பியைப் பிடித்தபடி முடிகிறவரை பார்த்தாள்.

பிறகு குளத்தை இறைத்தார்கள். இயந்திரம் வந்து சேற்றை வாரிக்கொண்டு போனது. நான் ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டேதான் மத்தியானம் அந்த வீட்டுக்குப் போனேன். குளிர்காலம் வந்துவிட்டது, பார்க்க ஒரு இறகு கிடையாது; அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டால் அடுத்த வெயிலைப் பார்க்கமாட்டாள். அத்தான் இருந்தும் இல்லாத மாதிரி ஆகிவிட்டார். பேச்சு நின்றுவிட்டது. இயந்திரம் வாரிவிட்டுப் போன குழிக்குள் தினமும் மண்வெட்டியோடு இறங்கி, வாரிய சேற்றையே மறுபடி வாரிக்கொண்டிருந்தார். தலைவரம்மா போதும் என்று சொல்லிப் பார்த்தார், காதில் விழவில்லை. நடுவில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அப்படியே நெடுநேரம் நிற்பார். நாணல் பக்கம் மட்டும் போகமாட்டார்.

ஒரு நாள் நான் போனபோது அக்கா தானாகவே சாய்ந்து உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தட்டோடு உட்கார்ந்ததும் வாயைத் திறந்தாள். மென்று விழுங்கிவிட்டு மறுபடி திறந்தாள். எனக்கு நம்ப முடியவில்லை. வெளியே எட்டிப் பார்த்தேன். வெடித்த சேறு, அதில் ஒரு மண்வெட்டிச் சத்தம், அவ்வளவுதான்.

"என்னக்கா பாக்கற? ஒரு காக்கா கூட இல்லையே."

"உங்க... அத்தானை."

குழியில் சத்தம் நின்றது. அக்காவின் தாடையும் பாதி மென்றபடி நின்றது. மறுபடி மண்வெட்டி விழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் விழுங்கினாள்.

"நானும் திரும்பிக்கிட்டா..." என்றாள். மீதி வார்த்தையைத் தேடினாள். "அவர் அங்க... தனியா."

நான் அடுத்த கவளத்தை எடுத்தேன். அவள் வாயைத் திறந்தாள், கண்ணை மட்டும் வெளியே இருந்து எடுக்கவில்லை.